குவைத்துக்காரரோடு குற்றாலத்தில் ஒரு கைலிச் சோதனை

குவைத்து தனிக்கொடி ஏற்றிய மறு வருஷம், ஆனி மாதம். நான் அப்போது மதறாஸில் ஒரு ஜவுளி ஏற்றுமதிக் கம்பெனியில் குமாஸ்தா. எங்கள் மூலமாக வருஷா வருஷம் தென்காசிக் கைலி வாங்கும் குவைத்து வியாபாரி யூசுப், இந்த முறை நேரிலேயே வந்துவிட்டார். ஜப்பான்காரர்கள் அவருக்கு மாதிரித் துணி அனுப்பியிருந்தார்களாம். நெய்கிற இடத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஆர்டர் என்றார். அது கைநழுவினால் தென்காசியில் ஒரு தெருவே தறியை நிறுத்த வேண்டியதுதான். அவர் பேசும் இந்துஸ்தானி எனக்கும் அரைகுறையாக வரும் என்பதால், அவரைக் கூட்டிப்போகும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

ரயில் காலை எட்டேகாலுக்குத் தென்காசியில் இறக்கிவிட்டது. நல்ல சாரல். குற்றாலச் சீசனுக்கு வருகிறவர்கள் குதிப்பார்கள். நான் முதலில் தெருவைத்தான் பார்த்தேன். நெய்வதற்கு முன் பாவு நூலைத் தெருவில் நீளமாகக் கட்டி, கஞ்சி போட்டுக் காயவைக்க வேண்டும். தெரு நனைந்தால் தறி சும்மா கிடக்கும். இந்த மாதத்தில் ஆளை அழைத்துவந்த என் புத்தியை என்ன சொல்ல!

தறிக்காரர் மைதீன் பாய் கெட்டிக்காரர். தறிப் பக்கமே விடாமல் இடியாப்பம் கொடுத்து, கடைசியாகத் தறியிலிருந்து அறுத்த சிவப்புக் கட்டம் போட்ட கைலியை விருந்தாளிக்கு உடுத்தச் சொல்லி, "முதல்ல அருவியில குளிச்சிட்டு வந்திருவோம்" என்று கிளப்பிவிட்டார். வந்தவருக்குப் புதுக் கைலி கொடுப்பது அவர்கள் வீட்டு வழக்கம்.

குற்றாலம் மூன்று மைல். குதிரை வண்டிக்கு ஒன்றரை ரூபாய். ஒரு ரூபாய்க்கே வருவார்கள், பேரம் பேச எனக்குத் தெம்பில்லை. பாதி வழியில் மைதீன் பாய் என் காதருகே குனிந்தார்.

"சார், ஒரு தப்புப் பண்ணிட்டேன். அந்தக் கைலி நூலு வெயிலே பாக்கல. சாயத்துல முக்கி அடுப்படியிலதான் காயப்போட்டோம். தண்ணி பட்டா சாயம் எறங்கிருமோ என்னமோ."

"இதை இப்பவா சொல்றீங்க?"

"வழக்கம்லா சார், கை தானா நீட்டிட்டு."

யூசுப் வெள்ளைப் பனியனைக் கைலிக்குள் செருகிக்கொண்டு பேரருவிக்குள் புகுந்தார். இருபது நிமிஷம் வெளியே வரவில்லை. பாலைவனத்துக்காரர், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. மைதீன் பாயின் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. நானும் எனக்குத் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன்.

வந்தவர் பனியனை உருவி, விரித்து, முன்னும் பின்னும் பார்த்தார். பால் போல வெள்ளை. "ஜப்பான் துணியையும் இப்படித்தான் கடலில் முக்கிப் பார்த்தேன். இரண்டுமே தேறிவிட்டன" என்றார். வேண்டுமென்றே பனியனோடு இறங்கியிருக்கிறார் மனுஷன்! எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

டீக்கடையில், இனித் தறியைப் பார்க்க வேண்டியதில்லை, துணியே சொல்லிவிட்டது என்று முடிவைச் சொன்னார். பாதி ஆர்டர் இங்கே, பாதி ஜப்பானுக்கு. "எங்கள் எண்ணெய்க்கும் வெளிநாட்டு விவகாரத்துக்கும் இத்தனை நாள் வெள்ளைக்காரன் ஒருவனையே நம்பி இருந்தோம். இப்போது ஊர் ஊராகத் தூதரகம் திறக்கிறோம். நான் மட்டும் எல்லாத் துணியையும் ஒரே தெருவில் வாங்கலாமா?"

நான் மொழிபெயர்த்துச் சொன்னபோது மைதீன் பாய் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். சாயங்காலம் ஸ்டேஷனில் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார்.

"முழுசாக் குடுத்திருந்தா இந்தச் சாரல்ல எங்கன போயி காயப்போட? பாதின்னா நிம்மதியா முடிச்சிருவேன். வெயிலு வந்ததும் மிச்சத் தறிக்கு நானும் வேற கம்பெனி பாத்துக்கிடுதேன். கோவிச்சுக்கிடாதீங்க சார், அவரு சொல்லுதது சரிதான?"

எங்கள் கம்பெனிக்கு நஷ்டம்தான். ஆனாலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சீசனுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அருவிக்குக் காலையிலேயே போய்விடுங்கள், கூட்டம் குறைவு. சாரலில் துவைத்த துணி இரண்டு நாளானாலும் காயாது, மாற்றுத் துணி நிறைய வேண்டும். கைலி மட்டும் கொண்டுபோக வேண்டாம், தென்காசியிலேயே வாங்கிக் கட்டிக்கொண்டு அருவியில் நில்லுங்கள். சாயம் போகாது, நான் பார்த்தவன்.