ஆத்தாவின் செருப்பு

நடுப்பகல் வெயிலில் ரப்பர் செருப்பு சூடேறும் வாசனை எங்காவது வந்தால் எனக்குப் பெரிய வெள்ளிக்கிழமை நினைவுக்கு வரும். கூடவே, என் தங்கை சகாயத்தின் மேல் இருந்த பொறாமையும் வந்துவிடும்.

திருமயம் பக்கத்தில் எங்கள் ஊர். சகாயத்துக்குக் கைக்குழந்தையாக இருக்கும்போதே காய்ச்சல் கண்டு வலது கால் சூம்பிவிட்டது. தவக்காலம் வந்தால் அவளுக்குத்தான் மவுசு. அந்த வாரம் ஆண்டவருக்காக எதை விட்டுக்கொடுத்தோம் என்று ஞாயிறு மறைக்கல்வியில் ஒவ்வொருவராக எழுந்து சொல்ல வேண்டும். அதற்கு "ஒறுத்தல்" என்று பெயர். ஆறு நாள் சீனியில்லாமல் டீ குடித்ததை நான் சொன்னால், உபதேசியார் தலையை ஆட்டிவிட்டு அடுத்த பிள்ளையைப் பார்ப்பார். சகாயம் வாயே திறக்க வேண்டாம். "ஒன் வலியே பெரிய ஒறுத்தல்தான் தாயி, அது ஆண்டவரோட பாடுகள்ல சேந்துரும்" என்று அவள் தலையில் கைவைப்பார். ஒரு தும்மல்கூட வராத என் உடம்பின் மேல் எனக்கு ஆத்திரமாக வரும்.

எனக்கு ஒன்பது வயதில், பெரிய வெள்ளியன்று, கோவிலிலிருந்து பாறை உச்சிவரை பதினான்கு ஸ்தலங்களில் நின்று ஜெபித்துக்கொண்டே போகும் சிலுவைப் பாதைக்குக் கிளம்பும்போது, என் செருப்பைக் கழற்றிக் கருவேலம் புதருக்குள் எறிந்தேன். கால் கொப்பளிக்கும், ஊரே பார்க்கும், உபதேசியார் என் தலையிலும் கைவைப்பார் என்பது என் திட்டம். ஆத்தா, எங்கள் அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவோம், சகாயத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். ஆண்டவர் தம் தாயைச் சந்திக்கும் நான்காம் ஸ்தலத்தில் முழங்காலிட்டு எழுந்தபோது, சூடு தாங்காமல் நான் கால்களை மாற்றி மாற்றித் தூக்குவதைப் பார்த்துவிட்டாள். தன் செருப்பைக் கழற்றி என் முன்னால் தள்ளினாள்.

"எனக்கு வேணாம். நானும் பாடுபடணும்" என்றேன்.

"யாருக்காகடி?"

நான் முன்னால் போய்க்கொண்டிருந்த உபதேசியாரைப் பார்த்தேன்.

"போட்டுக்க" என்றாள்.

காலுக்குப் பெரிதான அந்தச் செருப்பை இழுத்துக்கொண்டு மிச்சமிருந்த பத்து ஸ்தலங்களும் அழுதேன். என் வலியையும் ஆத்தா பிடுங்கிக்கொண்டாளே என்ற கோபத்தில் அழுதேன். பிள்ளை ஆண்டவரின் பாடுகளை நினைத்து அழுகிறது என்று உபதேசியார் நெகிழ்ந்துபோய் என் தலையில் கைவைத்தார். பொய்யென்று தெரிந்தும் இனித்தது.

போன பெரிய வெள்ளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். செம்மண் பாதையில் சிமெண்டு போட்டு, மேலே துணிப்பந்தல் கட்டியிருந்தார்கள். உபதேசியார் இல்லை, ஆத்தா போய்ச் சேர்ந்தும் மூன்று வருஷமாகிறது. கைத்தடி ஊன்றிக் கூடவே வந்த சகாயத்திடம் அந்தச் செருப்புக் கதையைச் சொன்னேன். ஆத்தா எனக்காகவும் நடந்திருக்கிறாள், இவளும் கொஞ்சம் பொறாமைப்படட்டுமே என்றுதான் சொன்னேன்.

"தெரியும்க்கா" என்றாள். "அன்னைக்கிச் சாயங்காலம் ஆத்தாவுக்குக் காலு ரெண்டும் கொப்புளம். நான்தான் வெளக்கெண்ணெ தடவிவிட்டேன். நீ படுத்துத் தூங்கிட்ட."

எனக்காகக் கொப்பளித்த அந்தக் கால்களை நான் பார்க்கவே இல்லை. அதையும் அவள்தான் பார்த்திருக்கிறாள்.