ஃபாயிஸா பெயரில் ஒரு பூ

என் வீட்டுக்காரர் சேக் இஸ்மாயிலுக்குப் பழங்காநத்தத்தில் குடை ரிப்பேர் கடை. மதுரையில் பெய்கிற மழையை நம்பி இந்தத் தொழில் செய்கிற மனிதரின் பொறுமையை நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பொறுமையெல்லாம் குடைக்கும் செடிக்கும் போய்விடும். எனக்கென்று மிச்சம் இருக்காது.

செடி என்றால் ஒரே ஒரு செடிதான். எங்கள் மகள் ஃபாயிஸா காலேஜ் டூரில் ஏற்காட்டுக்குப் போனபோது மூன்று இலையோடு வாங்கி வந்தது. ஆர்க்கிட் வகையாம். பூவின் கீழிதழ் செருப்பின் முன்பக்கம் போலக் குழிந்து இருக்கும் என்று அவள் சொன்னதிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குச் செருப்புப் பூ என்றே பெயர். கல்யாணமாகி குவைத்துக்குக் கிளம்பிய அன்று அவள் வாசலில் நின்று, "அத்தா, இது பூக்கும்போது நான் இங்க இருப்பேன்" என்றாள். கிளம்புகிற அவசரத்தில் பிள்ளைகள் எதையாவது சொல்லும். இவர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

ஐந்து வருடம் ஓடிப்போனது. மாடிப்படிக்குக் கீழே, ஈர மணல் தட்டின் மேல் வைத்து, நாங்கள் குடிக்க வைத்திருந்த நல்ல தண்ணீரை ஊற்றி அதை வளர்த்தார். ஃபாயிஸா ஒவ்வொரு வருடமும், "அடுத்த வருசம் ஒங்க மாப்பிள்ளைக்கு லீவு கெடச்சிரும்மா" என்றாள். போனில் இவர் பேசுவதெல்லாம், "சாப்ட்டியாம்மா? ஒடம்பப் பாத்துக்க" என்பதோடு சரி. எப்போது வருவாய் என்று கேட்டதே இல்லை. கேட்டால் பிள்ளைக்குச் சங்கடம் என்று வாயை மூடிக்கொண்டிருந்தார். நானும் அப்படித்தான் இருந்தேன்.

போன டிசம்பரில் செடி மொட்டு விட்டது. பசுமலையில் பிப்ரவரியில் மலர்க் கண்காட்சி என்று கேள்விப்பட்டதும் போய்ப் பதிந்துவிட்டு வந்தார். சீட்டைப் பார்த்தேன். போட்டியாளர் பெயர் என்ற இடத்தில் ஃபாயிஸா என்று இருந்தது.

"பரிசு வாங்குனா அவ பேரு போட்ட அட்டையோட போட்டோ புடிச்சு அனுப்பணும்" என்றார். "அவளே வந்து நின்ன மாதிரி இருக்கும்ல."

அதோடு எனக்கு ஒரு சட்டமும் போட்டார். "மொட்டு வந்தப்புறம் தொட்டிய அசைக்கக் கூடாது பீவி. வெளிச்சம் வர்ற பக்கந்தான் பூவு மூஞ்சியத் திருப்பும். ரெண்டு பக்கமும் எல விரிஞ்சு, நடுவுல பூவு நேரா பாக்கணும். அதுக்குத்தான் மார்க்கு."

நான் தலையை ஆட்டினேன். ஆனால் காலை பத்து மணிக்கு மகள் வீடியோவில் வருவாள். எங்கள் வீட்டில் முன் ஜன்னலில்தான் சிக்னல் நிற்கும். "மொட்டக் காட்டும்மா" என்பாள். இவர் கடைக்குப் போனதும் தொட்டியைத் தூக்கி ஜன்னலுக்குக் கொண்டுபோவேன். கம்பியில் போனைச் சாய்த்து வைத்துப் பேசி முடித்தால் சமையல் வேலை; தொட்டி அங்கேயே இருக்கும். சாயங்காலம் இவர் வருவதற்குள் பழைய இடத்தில் வைத்துவிடுவேன். இரண்டு மாதம் இப்படியே நடந்தது. பூ விரிந்தபோது முகம் ஒரு பக்கமாக இருந்தது. "ஏன் இப்படி ஆச்சு?" என்று இவர் கேட்டார். "எனக்கென்ன தெரியும்" என்று சொல்லிவிட்டேன். மனசுக்குள் செத்துக்கொண்டிருந்தேன்.

கண்காட்சி அன்று ஆட்டோவில் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனோம். மேசையில் இறக்கியதும் ஒவ்வொரு இலையையும் ஈரத்துணியால் துடைத்தார். பச்சை பெயின்ட் அடித்த குடைக்கம்பியைத் தண்டுக்குப் பின்னால் நட்டு, கம்பளி நூலால் நடுவில் ஒரு கட்டுப் போட்டார். பூவுக்குக் கீழே இன்னொரு கட்டுப் போட்டு அதன் கழுத்தைத் திருப்பி இழுத்தார். பூ நேராகத்தான் நின்றது. ஆனால் அந்தக் கழுத்து விறைத்திருந்ததை என்னால் பார்க்க முடியவில்லை.

"நாந்தாங்க திருப்புனேன்" என்றேன். "ஜன்னல்ல வச்சுத் தெனமும் அவளுக்குக் காட்டுனேன்."

திட்டுவார் என்று நின்றேன். அவர் பூவுக்குக் கீழே போட்ட கட்டை அவிழ்த்தார். பூ மெதுவாகத் தன் பக்கமே திரும்பிக்கொண்டது.

"அய்யோ, மார்க்கு போயிருமே!" என்றேன்.

"போகட்டும். கம்பி தண்டத்தான் நிமித்தும். அது பாக்குற பக்கத்த நாம என்ன செய்ய?"

பரிசு கிடைக்கவில்லை. பூவின் நிறமும் அளவும் அருமை, முகம் திரும்பியிருக்கிறது என்று நடுவர் அட்டையில் எழுதியிருந்தார். அந்த அட்டையை இவர் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை அவர் கடைக்குப் போகவில்லை. பத்து மணிக்கு அவரே தொட்டியைத் தூக்கி வந்து ஜன்னலில் வைத்தார். நான் போனைக் கம்பியில் சாய்த்தேன்.

"அத்தா!" என்று கத்தினாள் ஃபாயிஸா. "பூவு நேரா என்னையவே பாக்குது!"

"ஆமாம்மா. ரெண்டு மாசமா அங்கிட்டுத்தான் பாத்துக்கிட்டு இருந்துருக்கு" என்றார். வழக்கமாக அதோடு போன் என் பக்கம் வந்துவிடும். அன்று வரவில்லை. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எப்பம்மா வார?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "பூவு எம்புட்டு நாளு இருக்கும் அத்தா?" என்றாள்.

"இன்னும் ஒரு மாசம் இருக்கும். அது வாடுனா வாடிட்டுப் போகுது. நீ வாம்மா."

ஐந்து வருடமாக நான் விழுங்கி விழுங்கி வைத்திருந்ததும் அந்த வார்த்தைதான்.