பாதி லாரி

அலுவலகத்தில் அவளுக்கு ஒட்டுக்காரி என்று பெயர். வைத்தவர் பக்கத்து மேசைக்காரர். அவரை எல்லோரும் கழுகு என்பார்கள். அது பழிக்குப் பழியாக அவள் வைத்தது.

மூன்றாம் மாடியில், எப்போதும் திரை இழுத்து மூடிய ஓர் அறை. ஏழெட்டுப் பேர் கணினியில் மூக்கு முட்ட உட்கார்ந்து, செயற்கைக்கோள் படங்களில் ஒட்டுத் தேடுவார்கள். ஒரு நகரம் முழுவதையும் வானத்திலிருந்து ஒரே மூச்சில் படம் எடுத்துவிட முடியாது. ஒரு துண்டு கோடையில் எடுத்ததாக இருக்கும். பக்கத்துத் துண்டு, மேகம் குறுக்கே வந்ததால், குளிர்காலத்தில் எடுத்ததாக இருக்கும். எல்லாவற்றையும் ஒட்டி ஒரே படமாக்கி விற்றுவிடுவார்கள். ஒட்டுகிறவர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. நிறத்தைச் சமன் செய்து, ஒட்டைச் சாலையோரமாகவும் கால்வாய்க் கரையாகவும் ஓட்டி, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிடுவார்கள். ஆனால் ஒரு கட்டடம் எப்போது எழும்பியது, ஏரி எப்போது வற்றியது என்று சொல்ல வேண்டுமானால் எந்தத் துண்டு எந்த நாளுடையது என்று தெரிந்தாக வேண்டும். அதற்கு முதலில் ஒட்டு எங்கே ஓடுகிறது என்று தெரிய வேண்டும்.

அதைக் கண்ணால் பார்த்துக் கையால் கோடு போடுவதில் கழுகை அடிக்க ஆளில்லை. ஆனாலும் ஒரு நகரத்துக்கு ஒரு வாரம் பிடிக்கும். வார முடிவில் கழுத்தைத் திருப்ப முடியாது. யாராவது கூப்பிட்டால் நாற்காலியோடு சேர்ந்து திரும்புவார்.

கணினியே இதைச் செய்தால் என்ன என்பது அவளைப் பிடித்து ஆட்டிய ஆசை. வீட்டில் எல்லோரும் எழுவதற்கு முன் சமையலறை மேசையில் உட்கார்ந்து ப்ரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டாள். அவள் எழுதிய முதல் ப்ரோகிராம் ரயில் பாதையை ஒட்டு என்றது. ஒரு பள்ளிக்கூடத்தின் மதில் சுவரையும் விடவில்லை. நேராக எது போனாலும் அதற்கு ஒட்டுதான். தலை வகிட்டைக் காட்டாதேம்மா, அதையும் ஒட்டு என்றுவிடும் என்று கழுகு ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

மேலாளர் சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை கடைசியாக ஒரு சோதனை என்றார். புதுப் படம் ஒன்றில் கழுகு கையால் கோடு போடுவார், ப்ரோகிராம் தானாகப் போடும். இரண்டும் ஒத்துப்போனால் இனி எல்லாப் படத்துக்கும் அதுதான். ஒத்துப்போகவில்லை என்றால் அவள் அதை மூட்டை கட்டிவிட்டு மற்றவர்களைப் போலக் கோடு போட வேண்டும்.

செவ்வாய்க்கிழமை மாலை. கூடத்தில் மாமியார் துணி மடித்துக்கொண்டிருந்தார். அவள் கையில் காபியோடு, என்ன செய்வதென்று தெரியாமல், சுவரில் மாட்டியிருந்த தன் கல்யாணப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெயிலில் நின்று எடுத்த படம். எல்லோர் காலடியிலும் நிழல் இடப்பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. ஓரத்தில் நின்ற, மாமியாரின் தம்பிக்கு மட்டும் நிழலே இல்லை.

"அத்தை, உங்க தம்பி எங்க கல்யாணத்துக்கு வந்தாரா?"

மாமியாரின் கை ஒரு சட்டையின் பாதி மடிப்பில் நின்றது. பிறகு அவர் சிரித்துவிட்டார். "வரல. ஊருக்கெல்லாம் வந்தான்னு சொல்லிட்டேன். அப்புறம் ஸ்டூடியோக்காரன்கிட்ட சொல்லி ஒட்ட வெச்சேன். இத்தனை வருஷத்துல ஒருத்தருக்கும் தெரியல, நீ எங்கேடி பார்த்த?"

அவள் காபியை எங்கே வைத்தாள் என்பது அவளுக்கே தெரியாது. கோட்டையே பார்த்துக்கொண்டிருந்ததுதான் தப்பு. பார்க்க வேண்டியது கோட்டின் இரண்டு பக்கத்தையும். கோடையில் எடுத்த துண்டில் வீடுகளின் நிழல் குட்டை, குளிர்காலத் துண்டில் நீளம். நிறத்தைச் சமன் செய்யலாம், நிழலை யார் மாற்றுவது? புதன், வியாழன் இரண்டு நாளும் அவள் ப்ரோகிராமுக்கு நிழலை அளக்கச் சொல்லிக் கொடுத்தாள். சாப்பிட்டாளா என்று கணவன் கேட்டதற்கு, நீளமா குட்டையா என்று கேட்டாளாம்.

வெள்ளிக்கிழமை அறையே அவள் முதுகுக்குப் பின்னால் நின்றது. கழுகின் கோடுகள் சிவப்பு, ப்ரோகிராமின் கோடுகள் மஞ்சள். ஒன்றன்மேல் ஒன்று வைத்ததும் சிவப்பின்மேல் மஞ்சள் அச்சு வார்த்ததுபோல் படிந்தது. யாரோ கைதட்ட ஆரம்பித்தார்கள். அப்போதுதான் கடைத்தெருப் பக்கம் ஒரு மஞ்சள் கோடு தனியாகத் தெரிந்தது. அதன் அடியில் சிவப்பு இல்லை. பெரிய சாலையின் ஓரமாகவே ஓடி, நாற்சந்தியில் சாலையைக் கடந்து, எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்தது.

"அது ரோடும்மா. மறுபடியும் ரோட்டைப் பிடிச்சிருச்சு," என்றார் கழுகு. இந்த முறை அவர் குரலில் கேலி இல்லை.

மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். சாலைக்கு இரண்டு பக்கமும் நிழல் வேறு வேறு என்று அவள் சொல்லிப் பார்த்தாள். ஒரு பக்கம் மாடி வீடு, மறுபக்கம் ஓட்டு வீடு, நிழல் எப்படி ஒன்றாக இருக்கும் என்று அவர் கேட்டார். நியாயமான கேள்விதான்.

அது வெறும் சாலைதான் என்று காட்டக் கழுகே மவுஸை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கினார். கடைகள், கம்பங்கள், மரங்கள். கோட்டைப் பிடித்துக்கொண்டே மெல்ல நாற்சந்திக்கு வந்தார். வந்தவர் அசையவில்லை. இன்னும் பெரிதாக்கினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"இந்த லாரிக்குப் பின்பக்கம் எங்கப்பா?"

நாற்சந்தியில் ஒரு லாரி நின்றது. முன்பாதி மட்டும். மஞ்சள் கோடு சாலையைக் கடக்கும் அதே இடத்தில், கத்தியால் வெட்டியதுபோல் முடிந்திருந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் வெறும் சாலை. அங்கே வேறொரு நாள், லாரி வராத நாள்.

அறையே சிரிப்பில் அதிர்ந்தது. கழுகுதான் எல்லோரையும்விடப் பெரிதாகச் சிரித்தார். அத்தனை வருடத்தில் தன் கண்ணுக்குத் தப்பிய முதல் ஒட்டு என்று சத்தியம் செய்தார், யாரும் நம்பவில்லை. மேலாளர் இரண்டே வாக்கியம் சொன்னார். திங்கட்கிழமையிலிருந்து கோடு போடுவது ப்ரோகிராம். சரிபார்ப்பது கழுகு.

"கழுத்து பிழைச்சுது," என்று கழுகு நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினார்.

அவள் படிக்கட்டுக்கு ஓடிப்போய் வீட்டுக்குப் போன் போட்டாள். மூச்சு வாங்க, லாரி, நிழல், நாற்சந்தி என்று தலைகீழாகச் சொன்னாள். மாமியாருக்குப் பாதிதான் புரிந்தது. உங்கள் தம்பியால்தான் ஜெயித்தேன் என்றது மட்டும் நன்றாகப் புரிந்தது.

"வராத கல்யாணத்துக்கு இப்பதான் மொய் வெச்சிருக்கான்," என்றார் மாமியார். "இரு, அவனுக்கும் போன் பண்ணிச் சொல்றேன்."