சிவப்புப் புள்ளி வைத்த மாத்திரை

மாத்திரை டப்பா விஷயத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அறுவைசிகிச்சை வார்டில் இருபது வருஷமாக நர்ஸ் நான். கிள்ளானில் எங்களோடு இருக்கும் என் மாமனாருக்கு எண்பத்திரண்டு வயது. ஒரு காலத்தில் போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டியவர். ஞாயிற்றுக்கிழமைதோறும் அவருடைய மாத்திரை அட்டைகளைக் கத்தரியால் ஒவ்வொன்றாக வெட்டி, ஏழு நாள் டப்பாவில் அடுக்குவேன். பிரித்துப் போட்டால் நம்மூர் ஈரத்தில் நமுத்துவிடும் என்று அட்டையோடேயே போடுவேன். ரத்தக்கொதிப்பு மாத்திரையின் மேல் மட்டும் சிவப்பு மார்க்கரால் ஒரு புள்ளி. கல்யாண வீடு, கோயில், எங்கே யார் கிடைத்தாலும் இதைப் பீற்றிக்கொள்வேன். "என் டப்பா தப்பே பண்ணாது லா" என்பேன். மாமாவும் பக்கத்தில் நின்று தலையாட்டுவார்.

அவர் மாத்திரை போடுவதை மட்டும் நான் பார்த்ததில்லை. காலையில் அவர் எழுவதற்குள் வேலைக்குக் கிளம்பியிருப்பேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது மாமா நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். மதியச் சோறு தொடாமல் கிடந்தது. எச்சிலை விழுங்காமல் துண்டில் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நேத்துலேர்ந்து நெஞ்சுல காத்து புடிச்சிருக்குமா. தைலம் தேய்ச்சா சரியாயிடும்."

உடம்பு கொதித்தது. கழுத்தை லேசாக அழுத்தினேன். தோலுக்கடியில் பொரி நொறுங்குவதுபோல நறநறவென்றது. அதற்கு மேல் எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. உணவுக்குழாயில் ஓட்டை விழுந்து காற்று வெளியே கசிகிறது. இந்த வயதில் ஒரு நாள் தாமதமே ஆளைக் கொண்டுபோய்விடும். "தண்ணிகூட வாயில வைக்கக் கூடாது மாமா" என்று காரில் ஏற்றினேன். பெடரல் ஹைவே ஜாமில் ஹாரன் அடித்துக்கொண்டே, நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

ஸ்கேன் நான் சொன்னதையே சொன்னது. வாய் வழியாகக் கேமரா குழாயை விட்டு வெளியே எடுத்ததை டாக்டர் ஒரு கிண்ணத்தில் வைத்துக் காட்டினார். கூர்மையான மூலைகளோடு ஒரு சின்னச் சதுரம். உள்ளே மாத்திரை, மேலே சிவப்புப் புள்ளி.

"நான் வெட்டினது டாக்டர்," என்றேன். வெட்கத்தில் காது சுட்டது.

நெஞ்சைத் திறந்து தைத்தால் இந்த உடம்பு தாங்குமா என்று டாக்டர் யோசித்தார். நல்லவேளையாக ஓட்டை சின்னது, சீழும் பரவவில்லை. கிளிப் போட்டு மூடி, ஊசி வழியாக ஆன்டிபயாடிக், மூக்குக் குழாய் வழியாகச் சாப்பாடு என்று முடிவானது. வாய்க்கு ஒன்றுமே கிடையாது. அந்தக் காவலை நான் எடுத்துக்கொண்டேன். "ஒரே ஒரு வாய் கோப்பி மா" என்று கெஞ்சினார். "மூச்!" என்றேன். கொழுந்தனார் பாசமாக வாங்கி வந்த இளநீரை வார்டு வாசலிலேயே பிடுங்கிக்கொண்டேன். மாமா பிழைப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. வர நான் விடவில்லை என்பதுதான் சரி.

பத்தாம் நாள் மருந்துத் தண்ணீரைக் குடிக்கவைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். கசிவு இல்லை. முதல் ஸ்பூன் தண்ணீரை நானே ஊட்டினேன். அது தொண்டையில் இறங்கியதைப் பார்த்ததும் அழுதுவிட்டேன்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டேன். "அட்டையோட முழுங்கினது அன்னைக்கே தெரியலையா மாமா?"

"தெரியும்மா. எல்லாத்தையும் பிரிச்சு, கச்சாங் பூத்தே கடலை மாதிரி மொத்தமா வாயில கொட்டிக்குவேன். அன்னைக்கு ஒன்னு பிரிக்காம கலந்துருச்சு. குத்திக்கிட்டேதான் எறங்குச்சு."

"உடனே எனக்கு போன் போட்டிருக்கலாம்ல?"

"உன் டப்பா தப்பே பண்ணாதுன்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கே. நான் எப்படிமா சொல்றது?"

அடுத்த ஸ்பூனை நீட்டினேன். வாயைத் திறந்தார்.