பெட்டிக்குள் வைத்த இரண்டு கல்

பிள்ளைகளே, நான் ஒரு முறை ஊரை ஏமாற்றப் பார்த்ததை உங்களிடம் சொன்னதில்லை. இப்போது சொல்லிவிடுகிறேன்.

உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம்; மைசூரில் போட்டோ எடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்தேன். சீமைக் கேமரா வாங்க எனக்கு வசதியில்லை. அங்கே நாற்காலி மேசை செய்கிற ஒரு தச்சரிடம் சொல்லி, லேசான குமிழ மரத்தில் ஒரு கேமரா செய்துகொண்டேன். லென்ஸ் மட்டும் பழையதாக வாங்கிப் பொருத்தினேன். தேக்கும் பித்தளையுமான கேமராவைச் சுமக்கத் தனியாக ஒரு கூலியாள் வேண்டும். என்னுடையதைப் பெட்டியோடு ஒற்றைக் கையால் தூக்கிவிடலாம். எனக்கு அதில் ரொம்பப் பெருமை.

வெளியூர் போனபோது அந்த லேசுதான் வினையாயிற்று. கொள்ளேகாலத்துப் பக்கம் எவனோ ஒருவன் வெறும் பெட்டியை முக்காலிமேல் நிறுத்தி, படம் பிடிப்பதுபோல் நடித்து, முன்பணத்தோடு போய்விட்டானாம். அதிலிருந்து அங்கே போட்டோக்காரன் வந்தால் முதலில் பெட்டியைத் தூக்கிப் பார்ப்பார்கள். மார்டள்ளியில் ஒருவர் என் பெட்டியைத் தூக்கிவிட்டு, "உள்ள காத்துத்தானுங்க இருக்குது" என்று என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

அதனால் அதே பக்கத்துக் கௌதள்ளியிலிருந்து அழைப்பு வந்தபோது, இரண்டு கருங்கல்லைத் துணியில் சுற்றிப் பெட்டியின் அடியில் வைத்துக்கொண்டேன்.

படம் எடுக்க வேண்டியது பட்டாளத்தில் சேர்ந்த ஒரு பையனை. மறுநாள் அவன் மைசூரில் ரயில் ஏறவேண்டும். அப்புறம் கப்பலில் எந்தத் தேசத்துக்கோ, யாருக்கும் தெரியாது. அவன் முகம் வீட்டில் இருக்கவேண்டும் என்று தாய் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. தகப்பனார் விவசாயி; என்னைப் பார்த்த பார்வையே சரியில்லை. பெட்டியைத் தூக்கினார். கனத்தது. "ம்" என்றார்.

திறந்தேன். மாட்டு வண்டிக் குலுக்கலில் கல் துணியைவிட்டு நழுவி, கேமராவின் பின்பக்கத்து மங்கல் கண்ணாடியை நொறுக்கியிருந்தது. உருவம் தெளிவாக விழுகிறதா என்று பார்ப்பது அதில்தான்.

தகப்பனார் கல்லைக் கையில் எடுத்தார். "ஏனுங்க, படம் புடிக்கிற பொட்டிக்குள்ள கல்லு எதுக்குங்க? மொளகா அரைக்கவா?"

வேடிக்கை பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரர் விடவில்லை. "முன்னால வந்தவன் வெறும் பொட்டி கொண்டாந்தான். இவரு தேவலை, கல்லாச்சும் போட்டுக் கொண்டாந்திருக்கறாரு!"

"பொட்டி லேசா இருந்தா நம்ப மாட்டீங்கன்னு வெச்சேங்க. தப்புத்தான்" என்றேன்.

"நாங்க நம்போணும்னு பொய் சொன்னீங்களாக்கும்?"

நான் கண்ணாடிச் சில்லுகளைப் பொறுக்கத் தொடங்கினேன். அப்போது பையனின் தாய் வெளியே வந்தார். என்னைப் பார்க்கவில்லை, வெயிலைப் பார்த்தார். "பொழுது எறங்குதுங்க. முடியுமா முடியாதா, அத மட்டும் சொல்லச் சொல்லுங்க."

மாதிரிக்குக் கொண்டுபோயிருந்த படம் ஒன்றின்மேல் மெல்லிய வெள்ளைக் காகிதம் இருந்தது. அதைக் கிழித்து, விளக்கெண்ணெய் தடவி, கண்ணாடி இருந்த சட்டத்தில் சோற்றுப் பருக்கையால் ஒட்டினேன். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டால், மங்கலாக என்றாலும் பையன் தெரிந்தான். தகப்பனாரையும் பார்க்கச் சொன்னேன். உள்ளே போனவர் உடனே வெளியே வந்து பையனை ஏற இறங்கப் பார்த்தார்.

"தலகீழா நிக்கறானுங்க!"

"பெட்டிக்குள்ள அப்படித்தானுங்க தெரியும். படத்துல நேரா நிப்பான்."

"அதையும் பாக்கலாம்" என்றார்.

எடுத்து முடித்ததும், கண்ணாடித் தகடு இருந்த மரக்கூட்டைக் கழற்றி, மைசூரில் என் இருட்டறையில் கழுவினால்தான் படம் வரும் என்றேன்; அவர் கையை நீட்டினார். "அந்தக் கூட்ட இப்படிக் குடுங்க. நானும் பையனோட மைசூருக்கு வர்றேன்."

"வெளிச்சத்துல மட்டும் தொறந்துடாதீங்க."

"தொறக்க மாட்டேன். உங்ககிட்டயும் குடுக்க மாட்டேன்."

மறுநாள் பஸ்ஸில் அந்த மரக்கூட்டைத் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தார். வழி நெடுக அவர் என் முகத்தைப் பார்க்க, நான் அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூடியை எங்கே இழுத்துப் பார்த்துவிடுவாரோ என்று எனக்குப் பயம். பையனை ரயிலேற்றும்போதுகூட அது அவர் கக்கத்தை விட்டு இறங்கவில்லை.

என் இருட்டறையிலும் கூடவே நின்றார். சிவப்பு வெளிச்சத்தில் கண்ணாடித் தகட்டில் உருவம் ஏறியது. குனிந்து பார்த்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இது யாருங்க? மொகம் கறுப்பு, தலமுடி வெள்ள? எம்பையன் என்ன கெழவனுங்களா?"

காகிதத்தில் போட்டால் மாறிவிடும் என்று எவ்வளவோ சொன்னேன். கேட்டுக்கொண்டார், நம்பவில்லை. காகிதத்தில் போட்ட படம் காயும்வரை வாசற்படியை மறித்து உட்கார்ந்துவிட்டார்.

காய்ந்ததும் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். பையனின் புருவத்தில் ஒரு தழும்பு உண்டு. நகத்தால் அதைத் தேடிப்பிடித்து, அங்கேயே கொஞ்ச நேரம் விரலை வைத்திருந்தார்.

"இது அழியாதுங்களா?"

"வெயில் படாம வெச்சா அழியாதுங்க."

நன்றாக இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. படத்தைத் துண்டுக்குள் வைத்து மடித்தார்.

"அவதான் பெத்தவ. அவ பாத்துச் சொல்லட்டுங்க" என்று சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நடந்தார்.