வெட்டக் கூடாத வரி

"ஒழும்பு ராசா, ஒழும்பு" என்று கணினியின் தலையில் தட்டிவிட்டு, விதுசா மட்டக்களப்பு வாவியில் மறுபடியும் வெள்ளம் விடுகிறாள். பழைய மாரி ஒன்றின் மழையைக் கொடுத்தால் அதே பழைய நீர்மட்டம் வர வேண்டும். வந்தால்தான் அவளுக்குத் தேநீர் இறங்கும். மென்பொருளில் ஒரு புள்ளி மாறினாலும் இந்தச் சோதனைதான். "இண்டைக்கி எத்தின தரம் ஊரத் தண்ணியில தாட்டீங்க?" என்று பக்கத்து மேசை றிஷாட் சீண்டுவான்.

மழைக்கு வாவி எவ்வளவு ஏறும், எந்த வயல்வெளி வட்டை மூழ்கும், வெள்ளம் கடலுக்கு வடிய, மணல் மூடிய ஆற்றுவாயை எப்போது வெட்டிவிடலாம் என்றெல்லாம் சொல்லும் மென்பொருள் அது. எழுதிய ஆய்வாளர், திட்டக் காசு முடிந்ததும் வெளிநாடு போய்விட்டார். அது எங்கே போகும், பாவம்! விதுசாவின் இடுப்பில் ஏறிக்கொண்டது.

அவர் உள்ளே ஓரிடத்தில் "இதில வெட்டணும்" என்று குறிப்பு எழுதியிருந்தார். ஆற்றுவாய் வெட்டும் கட்டம் என்று அர்த்தம். போன மாரியில் விதுசா லீவில் நின்ற நேரம், துப்புரவாக்கப் புகுந்த றிஷாட் அதை வாசித்துவிட்டு, கீழே இருந்த வரிகளை வெட்டியே எறிந்துவிட்டான். வாவிக்கு வாயே இல்லாமல் போயிற்று! திரும்பி வந்தவள் திரையைப் பார்த்துப் பதறி, பழுகாமத்தில் வயல் செய்யும் அப்பாவுக்குப் போன் எடுத்தாள்.

"வட்டைய விட்டு வெளிய வாங்கப்பா, வெள்ளம்!"

"என்ன புள்ள பறையிறாய்? இஞ்ச கணுக்காலுக்கும் தண்ணி இல்ல."

அன்றைக்கே கணினியில் ஒரு தாள் ஒட்டினாள்: 'விதுசாவைக் கேட்காமல் தொடாதீர்கள்.'

இப்போது அவளுக்கு எட்டு மாதம். மாரி தொடங்கும்போது பிள்ளைப்பேற்று லீவில் இருப்பாள். "நான் ஆசுபத்திரியில கத்திக்கொண்டு கிடக்கக்குள்ள இது நிண்டா ஆரக் கேப்பீங்க?" அந்தப் பயத்தில்தான் ஒவ்வொரு கட்டத்துக்கும் மேலே, அது ஏன் இருக்கிறது, எதைத் தொட்டால் எது கெடும் என்று விளக்கம் எழுதிக்கொண்டே இருக்கிறாள். முதலில் திருத்தியது அந்த 'வெட்டணும்' குறிப்பைத்தான்.

நேற்றுக் கணினியைப் புதுப்பித்ததும் மென்பொருள் நின்றுபோயிற்று. விதுசாவின் கை பழக்கத்தில் விசைப்பலகைக்கு நீண்டது. மடக்கி வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். றிஷாட் அவளுடைய விளக்கத்தை இரண்டு முறை வாசித்தான். ஒரு வரியை மாற்றினான். பிறகு அவள் சொல்லாமலே அந்தப் பழைய வெள்ளத்தை ஓடவிட்டான். அதே நீர்மட்டம்.

"வாய் இரிக்கி அக்கா" என்றான்.

விதுசா மெல்ல எழும்பினாள். கணினியில் ஒட்டியிருந்த தாளை உரித்தெடுத்து, வியர்த்த கழுத்துக்கு விசிறத் தொடங்கினாள்.