கடைசியாக நன்றாகப் பார்த்தவர்

பேய் ராத்திரியில்தான் வரவேண்டும் என்று யார் சொன்னது? இது பட்டப்பகலில் நடந்தது. என் அக்காவுக்கு நடந்தது. அவளுக்குப் பொய் சொல்ல வராது.

அக்கா அவசரப் பிரிவில் நர்ஸ். எதை எழுதினாலும் மணி போட்டுத்தான் எழுதுவாள். கூட வேலை செய்பவர்கள் வைத்த பெயர் 'கடிகாரம்'.

அன்று மதியம் 2.05. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பெரியவரைக் கொண்டுவந்தார். பக்கவாதம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சு இல்லை. ஸ்கேனில் பார்த்தால், இடது கழுத்து ரத்தக்குழாயில் அடைப்பு. அங்கிருந்து கிளம்பிய ரத்தக்கட்டி மூளையில் போய் நின்றிருந்தது.

"கடைசியா இவரை நல்லா இருக்கிறப்ப பார்த்தது யாரு? எத்தனை மணிக்கு?" என்று டாக்டர் கேட்டார். கட்டியைக் கரைக்கும் ஊசியை வாதம் வந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும்; நேரம் தெரியாமல் போட முடியாது. பக்கத்து வீட்டுக்காரர் கையைப் பிசைந்தார். மகனுக்குப் போன் செய்ய வெளியே ஓடினார்.

2.21. வாசலில் ஒரு அம்மா நின்றார்.

"நான் அவரோட வீட்டுக்காரி. மணி ஒண்ணு பன்னண்டு வரைக்கும் நல்லா இருந்தாரு. பார்த்துக்கிட்டேதான் இருந்தேன்."

வார்த்தைகள் குழறின. அழுகிறார் என்று அக்கா நினைத்தாள். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது... தொங்கிய வலது கையை இடது கையால் பிடித்திருந்தார்.

அக்கா நேரத்தை எழுதிவிட்டு நிமிர்ந்தாள்.

வாசலில் யாரும் இல்லை...

2.26-க்கு ஊசி போட்டார்கள். பிறகு தொடை வழியாகக் குழாயை ஏற்றி, கழுத்தில் ஸ்டென்ட் வைத்து வழியைத் திறந்தார்கள். மூளையில் நின்ற கட்டியை இழுத்து எடுத்தார்கள். 3.38. பெரியவரின் வலது விரல் அசைந்தது.

ஐந்து மணிக்கு மகன் வந்தார். உங்கள் அம்மா நேரம் சொன்னதால்தான் அப்பா பிழைத்தார் என்று அக்கா சந்தோஷமாகச் சொன்னாள்.

அவர் முகம் வெளுத்தது.

"அம்மா போய் எட்டு மாசம் ஆச்சு. இதே வாதம்தான். இதே ஆஸ்பத்திரிதான். அப்பாகிட்டயும் நேரம் கேட்டாங்க. மத்தியானம் தூங்கிட்டாரு, சொல்லத் தெரியல. அதனால ஊசி போடல. அன்னையில இருந்து அப்பா பகல்ல படுக்கிறதே இல்ல."

அக்கா பதிவு அறைக்குப் போனாள்.

அந்த அம்மாவின் பழைய கோப்பைத் தேடி எடுத்தாள். நேரம் என்ற இடத்தில் 'தெரியாது' என்று எழுதியிருந்தது.

அக்காவின் கையெழுத்து.

எட்டு மாதம் முன்பு பார்த்த அந்த முகம் அவளுக்கு நினைவிலேயே இல்லை. அதைச் சொல்லித்தான் இன்றும் அழுகிறாள்.